கேள்வி நேரம்: முதல் ஆட்டத்தில் தோற்றும் கோப்பையா?

கே: அமெரிக்கப் பெண்கள் கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற விளையாட்டு) உலகத் தொடரில் முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணி எப்படிக் கோப்பை வாங்குகிறது?

ப: இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம். 64 அணிகளில் தொடங்கி, கடைசி 8 அணிகள் ஓக்லஹோமா சிட்டிக்கு வரும். நான்கு நான்காகப் பிரிப்பார்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அடுத்த நான்கையும் வரிசையாக ஜெயிக்க வேண்டும். அதில் கடைசி இரண்டு, அதுவரை தோற்காத அணியோடு. அதன்பின் மூன்று ஆட்ட இறுதிப் போட்டி. 2021இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி, ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணியிடம் முதலில் தோற்று, இந்த வழியாகவே வந்தது. இறுதியிலும் முதல் ஆட்டத்தைக் கோட்டைவிட்டுவிட்டுத்தான் கோப்பையைத் தூக்கியது! இந்தச் சுற்றுவழியில் முதலில் களைப்பது பந்து வீசுபவரின் தோள். ஒரே பிட்சரை நம்பிய அணி பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

கே: பந்து பெரிது, கையைத் தாழ்த்தித்தான் வீசுகிறார்கள். அடிப்பது சுலபம்தானே?

ப: அப்படித்தான் தோன்றும். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். ஆனால் வீசும் தூரம் 43 அடிதான். கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே விடுகிறார்கள். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வந்தால் அடிப்பவருக்கு அரை நொடிகூடக் கிடையாது. மேலே எழுவதுபோல் தோன்றும் ‘ரைஸ் பால்’ வீச்சு இன்னும் மோசம். பின்சுழற்சியால் பந்து எதிர்பார்த்த அளவு இறங்காது. மட்டை அதன் அடியில் காற்றைத்தான் வெட்டும்.

கே: நம் ஊரில் நேரலை எப்போது?

ப: அங்கே மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30. காபியோடு உட்காரலாம்.