பிங்க் லேடியைப் பிரித்தது யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எழுபதுகளின் ஜப்பானிய மேடைப் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, யூடியூபில் பிங்க் லேடி இரட்டையரைத் தேடிப் பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் பக்கத்து வீட்டுத் தோழியும் சேர்ந்து 'யு.எஃப்.ஓ.' ஆட்டத்தை அப்படியே பழகிவிட்டார்கள். இவ்வளவு புகழோடு இருந்தவர்கள் நாலரை வருடத்தில் பிரிந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. வீட்டில் சொன்னபோது என் கொழுந்தனார், "ரெண்டு பொண்ணுங்க ஒரே மேடையில எத்தனை நாள் நிப்பாங்க? பொறாமை வந்திருக்கும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்குள் உண்மையில் சண்டைதானா? இன்னொன்று, எந்தப் பாடலிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

சண்டை இல்லை. பொறாமையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கொழுந்தனார் சொன்னதைத்தான் ஊர் உலகமே சொல்கிறது. இரண்டு ஆண்கள் பிரிந்தால் கொள்கை வேறுபாடு, தொழில் தகராறு என்று காரணம் தேடுவார்கள். இரண்டு பெண்கள் பிரிந்தால் தேடுவதேயில்லை; பொறாமை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். பிங்க் லேடியின் கதையில் அப்படி மூடிவிட்டால், அந்த இருவரையும் வைத்து வேலை வாங்கியவர்கள் யாருமே கண்ணில் படமாட்டார்கள்.

பிங்க் லேடியின் மீ, கே இருவரும் ஷிசுவோகாக்காரர்கள். டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ஃபுஜி மலையும் தேயிலைத் தோட்டங்களும் இருக்கிற மாகாணம். மீயின் இயற்பெயர் மித்சுயோ நெமோடோ, கேயின் பெயர் கெய்கோ மசுதா. பள்ளித் தோழிகள். சேர்ந்தே பாட்டு கற்றுக்கொண்டு, சேர்ந்தே பாடகிகளாவது என்று முடிவு செய்தவர்கள். யாரோ ஒரு நிறுவனம் இரண்டு முகங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டிவைத்த ஜோடி அல்ல. 'ஸ்டார் தஞ்ஜோ' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் 'குக்கி' என்ற பெயரில், எளிய உடையில், நாட்டார் சாயலுள்ள அமைதியான பாட்டைப் பாடித்தான் தேர்வானார்கள். பள்ளிப் படிப்பு முடிந்தது 1976 மார்ச்சில். முதல் இசைத்தட்டு வந்தது அதே வருடம் ஆகஸ்ட் 25-ல். அந்த ஐந்து மாதத்துக்குள் குக்கி காணாமல் போய், ஒரு காக்டெயிலின் பெயரோடு பிங்க் லேடி வந்துவிட்டது. பாடலாசிரியர் யூ அகு, இசையமைப்பாளர் ஷுன்இச்சி டொகுரா, நடன ஆசிரியர் ஹாஜிமே தோய் ஆகிய மூன்று பேர் சேர்ந்து உருவாக்கிய உரு அது.

முதல் பாட்டு 'பெப்பர் கெய்பு'. காதலர்கள் தனியாக இருக்கும்போது குறுக்கே வந்து நிற்கும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, 'எங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்' என்று பெண் முறையிடும் பாட்டு. இசைத்தட்டு நிறுவனத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை; பின்பக்கத்தில் இருந்த சாதுவான பாட்டையே முன்னால் போடலாம் என்றார்கள். ஆட்டத்தில் முழங்கால்களை விரித்து மூடும் அசைவு ஆபாசம் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் குழந்தைகளுக்கு அதில் ஆபாசம் எதுவும் தெரியவில்லை. அவர்கள் பள்ளி மைதானத்தில் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் மகளும் தோழியும் ஆடுவதைப் படித்தபோது எனக்கு அதனால்தான் அத்தனை சந்தோஷம். அந்த ஆட்டங்கள் இரண்டு சிறுமிகள் சேர்ந்து ஆடுவதற்கென்றே அமைந்தவை. 'யு.எஃப்.ஓ.'வின் தொடக்கத்தைக் கவனித்திருப்பீர்கள்: ஒரு கை தலைக்குப் பின்னால் போய், உள்ளங்கை மட்டும் உச்சந்தலைக்கு மேலே எழும்பும். பெரிய உடல் வித்தை எதுவும் தேவையில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே நொடியில் செய்ய வேண்டும், ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் பாட்டே சரிந்துவிடும். தனியாக ஆடிப் பாருங்கள், பாதிதான் வரும். அதற்காகவே அன்று ஒவ்வொரு சிறுமியும் ஒரு தோழியைத் தேடிப் போனாள். பிங்க் லேடி படம் போட்ட பொம்மை, சைக்கிள், பென்சில் பெட்டி என்று கடைகள் நிறைந்ததும் இதற்குப் பிறகுதான்.

'எஸ்.ஓ.எஸ்.' முதலிடத்துக்குப் போனது. அதிலிருந்து 1978 கடைசியில் வந்த 'கமீலியன் ஆர்மி' வரை தொடர்ந்து 9 பாட்டுகள் ஜப்பானின் ஓரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம். 'யு.எஃப்.ஓ.' மட்டும் 15 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தப் பாட்டில் பெண்ணின் காதலன் வேற்றுக்கிரகத்துக்காரன். அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பூமியிலுள்ள ஆண்கள் அலுத்துப்போன நேரத்தில்தான் நீ வந்தாய் என்கிறாள் அவள். 1977-ல் ஒரு நாடே இதைப் பாடிக்கொண்டிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். யூ அகு வேடிக்கைப் பாட்டு எழுதினார் என்று லேசாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய பெண்கள் அழுதுகொண்டு காத்திருப்பவர்கள் அல்ல. கோபப்படுவார்கள், தேடிப் பிடிப்பார்கள், பந்து வீசுவார்கள். பெண்கள் கண்ணீரோடு பாடிய எத்தனையோ பாட்டுகளுக்கு நடுவே இது பெரிய மாற்றம்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

உச்சியில் இருந்தபோது அவர்கள் ஒரு நாளில் தூங்கியது இரண்டு மூன்று மணி நேரம். காரில் தூக்கம், காரிலேயே சாப்பாடு, இறங்கினால் அடுத்த ஸ்டூடியோ. விளம்பரம், சிறுவர் பத்திரிகைக்குப் படப்பிடிப்பு, வெளியூர்க் கச்சேரி என்று ஒன்று முடியும்போது இன்னொன்று காத்திருக்கும். இத்தனை பொருள்களில் அவர்கள் முகம் விற்றுக்கொண்டிருந்தபோதும், அவர்களுக்கு வந்தது அவர்களை நிர்வகித்த நிறுவனம் கொடுத்த மாதச் சம்பளம். அப்போது இருவருக்கும் வயது இருபதுதான். எந்த நிகழ்ச்சிக்குப் போவது, எதை மறுப்பது என்ற முடிவு அவர்கள் கையில் இல்லை.

1978 டிசம்பர் 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை 'யு.எஃப்.ஓ.'வுக்காக ஜப்பான் இசைத்தட்டு விருதின் முதல் பரிசை வாங்கினார்கள். அதே இரவு என்.எச்.கே. தொலைக்காட்சியின் 'கோஹாகு' நிகழ்ச்சி. வருடக் கடைசி இரவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பது அது. ஒரு பாடகருக்கு அதில் இடம் கிடைப்பதே பெரிய கௌரவம். பிங்க் லேடி அதை மறுத்துவிட்டு, வேறொரு அலைவரிசையில், பார்வையற்ற குழந்தைகளுக்கான சிறப்பு நிகழ்ச்சியில் பாடினார்கள். கோஹாகுவை நாட்டில் 70 சதவிகிதத்துக்கும் மேலான வீடுகள் பார்த்தன. இவர்களுடைய நிகழ்ச்சி 10 சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. அதற்கப்புறம் பத்திரிகைகள் திரும்பின. தலைக்கனம் என்று எழுதினார்கள். நிர்வாகம் போட்ட கணக்குக்கு, மேடையில் நின்ற இரண்டு பெண்களும் பேச்சு வாங்கினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இது.

அடுத்த மார்ச்சில் வந்த 'ஜிபாங்கு' முதலிடத்துக்குப் போகவில்லை. அதற்குள் கண் அமெரிக்காவின் மேல் போய்விட்டது. 1979-ல் ஆங்கிலத்தில் பாடிய 'கிஸ் இன் தி டார்க்' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 37-வது இடம் வரை ஏறியது. ஒரு ஜப்பானியக் குழுவுக்கு அது சாதாரணம் அல்ல. அதை நம்பி என்.பி.சி. தொலைக்காட்சி அவர்கள் பெயரிலேயே 1980 மார்ச்சில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. கூடவே ஜெஃப் ஆல்ட்மன் என்ற நகைச்சுவையாளர். இருவருக்கும் ஆங்கிலம் சரியாகத் தெரியாது. வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சியின் முடிவில் நீச்சலுடையில் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். ஐந்து வாரம் ஓடி நின்றுவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிக மோசமான நிகழ்ச்சிகள் என்று யாராவது பட்டியல் போடும்போதெல்லாம் இன்றும் அதைச் சேர்க்கிறார்கள். அந்தத் துண்டுகளைத் தேடிப் பாருங்கள். அர்த்தம் தெரியாத வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் பாட்டு தொடங்கியதும் அந்த இருவரின் உடம்பிலும் வருகிற நிமிர்வைக் கவனியுங்கள். வேலையில் அவர்கள் ஒருபோதும் குறை வைக்கவில்லை.

அவர்கள் அங்கே இருந்த நேரத்தில் ஜப்பானில் காற்று மாறிவிட்டது. 1980 ஏப்ரலில் செய்கோ மத்சுதா என்ற பாடகி அறிமுகமாகி, ரசிகர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அமெரிக்காவில் தொடரலாம் என்பதில் மீக்கு ஆசை இருந்தது, கேக்கு இல்லை. ஆமாம், இங்கே இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இது பொறாமையா? நாலு வருடம் தூங்காமல் ஓடிய ஒரு பெண், தெரியாத மொழியில், தெரியாத ஊரில் இன்னும் சில வருடம் இருக்க முடியாது என்று சொல்வதும், அவளுடைய தோழி இன்னும் கொஞ்சம் முயற்சி செய்து பார்க்கலாமே என்று நினைப்பதும் நியாயமான இரண்டு விருப்பங்கள். அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு ஆறு மாத ஓய்வு கொடுத்திருக்கலாம். அப்படி ஓய்வு கொடுக்கிற ஏற்பாடு அந்தத் தொழிலில் அன்று இல்லை. 1980 செப்டம்பர் 1-ல் பிரிவை அறிவித்தார்கள்.

கடைசிக் கச்சேரி 1981 மார்ச் 31, டோக்கியோவின் கொராகுவென் பேஸ்பால் மைதானத்தில். மூன்று வருடத்துக்கு முன் இதே மைதானத்தில்தான் கேண்டீஸ் என்ற மூவர் குழு ரசிகர்கள் நிரம்பி வழிய விடைபெற்றது. பிங்க் லேடிக்கு மைதானம் நிரம்பவில்லை. குளிர், அதோடு மழை. நனைந்துகொண்டே எல்லாப் பாட்டுக்கும் முழு ஆட்டமும் ஆடி முடித்தார்கள்.

நிஜமாகவே மனக்கசப்பில் முறிந்த ஜோடி வேண்டுமென்றால் ஸ்பெயினின் பக்காராவைச் சொல்லலாம். 1977-ல் 'யெஸ் சார், ஐ கேன் பூகி' என்ற ஒரே பாட்டில் ஐரோப்பாவையே ஆடவைத்த மய்தே மாதேயோஸ், மரியா மெந்தியோலா இருவரும் 1980-ல் வெளிவந்த ஒரு பாட்டில் யாருடைய குரல் முன்னால் கேட்கிறது என்பதில் முறுகிக்கொண்டு வழக்கு வரைக்கும் போனார்கள். பிறகு ஆளுக்கொரு புதிய தோழியோடு தனித்தனிப் பக்காரா நடத்தினார்கள். அதைக்கூடப் பொறாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடகிக்குக் குரல்தான் சோறு போடுகிறது. ஒலிப்பதிவில் அது பின்னால் தள்ளப்பட்டால் அவள் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

மீயும் கேயும் அப்படிப் போகவில்லை. தனித்தனியே பாடினார்கள், நடித்தார்கள். 1984-லேயே ஒருமுறை மீண்டும் சேர்ந்து பாடினார்கள். 1989-ல் கோஹாகு மேடையிலும் நின்றார்கள். பதினோரு வருடத்துக்கு முன் மறுத்த அதே மேடை. 2003 முதல் 2005 வரை நாடு முழுக்கச் சுற்றிக் கச்சேரி செய்தபோது இருவரும் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார்கள். அதே பாட்டு, அதே ஆட்டம், ஒரு அசைவைக்கூடச் சுலபமாக்கிக்கொள்ளவில்லை. 2010 செப்டம்பர் 1-ல், பிரிவை அறிவித்துச் சரியாக 30 வருடம் கழித்து, அந்தப் பிரிவையே ரத்து செய்வதாக இருவரும் சேர்ந்து அறிவித்தார்கள். ஒருவரை ஒருவர் சகிக்க முடியாதவர்கள் இதைச் செய்வார்களா? இதை மட்டும் உங்கள் கொழுந்தனாரிடம் கேளுங்கள்.

இனிப் பாட்டுகள். 'யு.எஃப்.ஓ.' ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, அதனால் அடுத்து 'சவுத்பா' கேளுங்கள். பேஸ்பாலில் இடதுகைப் பந்துவீச்சாளரான ஒரு பெண், முதுகில் 1-ம் எண் போட்ட ஒரு பெரிய மட்டையாளரை எதிர்கொள்ளும் பாட்டு அது. அந்த எண்ணுக்குரியவர் சதஹாரு ஓ என்று ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். பாட்டு வருவதற்கு முந்தைய செப்டம்பரில்தான் அவர் 756-வது ஹோம் ரன் அடித்து உலக சாதனையைத் தாண்டியிருந்தார். அவரை நான் வீழ்த்துவேன் என்று ஒரு பெண் பாடுகிறாள். பந்து வீசும் அசைவோடு ஆட்டமும் உண்டு, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் 'நகிசா நோ சிந்த்பாத்', கடற்கரைப் பாட்டு, கோடைக்கு ஏற்றது.

ஆட்டம் எல்லாம் முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் மட்டும் ஒன்று கேளுங்கள். கே 1981-ல் தனியாகப் பாடிய 'சுசுமே'. மியுகி நகஜிமா எழுதி இசையமைத்தது. நாலரை வருடம் அந்த வேகத்துக்குள் அமுங்கிக் கிடந்த கேயின் கரகரப்பான குரலை இதில்தான் நிதானமாகக் கேட்க முடியும். மீயின் தனிப்பாட்டுகளில் 1984-ல் வந்த 'நெவர்' நன்றாக இருக்கும். அவருக்கு அத்தனை வலுவான குரல் என்பது அதைக் கேட்ட பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் 'சவுத்பா' பழகி முடித்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா