கம்போடியக் கோழிக் குழம்பை வீட்டில் செய்ய முடியுமா? டப்பாவில் விற்கும் தாய்லாந்துக் குழம்பு விழுதை வாங்கிப் போட்டால் போதுமா?

முடியும். ஆனால் அந்த விழுது வேண்டாம். எங்கேயோ ஒரு விருந்தில் சாப்பிட்டுவிட்டு, இப்போது சூப்பர் மார்க்கெட்டில் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாய்லாந்துச் சமையல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே மிளகாய் காரத்துக்கு. கம்போடியாவின் கெமர் மக்கள் இந்தக் குழம்பில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து, விதையெடுத்து, நிறத்துக்காகத்தான் அரைக்கிறார்கள். 'எல்லாம் ஒன்றுதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா. நான் 'மிங்' என்பேன், சித்தி மாதிரி. அவர் என்னைக் 'கூன்' என்பார், பிள்ளை என்று அர்த்தம். 2018 அக்டோபரில் பச்சும் பென் வந்தது. முன்னோருக்குப் படைக்கும் பதினைந்து நாள், நம் மகாளய பட்சத்தை ஒட்டியே வரும். நாம் அந்த நாட்களில் கவிச்சியைத் தொடமாட்டோம். அவர்கள் கோழிக் குழம்பு வைத்து விகாரைக்குக் கொண்டுபோகிறார்கள். காரி சாச் மோன் என்று பெயர்.

உதவி செய்கிறேன் என்று ஊரிலிருந்து கொண்டுபோன மிக்சியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எலுமிச்சைப் புல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டு அரைத்தேன். மிங் ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். விரலில் மெல்லிய நார் நாராக ஒட்டியிருந்தது. "இது தொண்டையில நிற்கும் கூன், இடி" என்று உரலைத் தள்ளினார். அடித்தண்டை மட்டும் காகிதம் போலச் சீவி, முக்கால் மணி நேரம் இடித்தேன். அந்த வாசனை மிக்சியில் வரவே வராது.

ஒரு கிலோ கோழிக்கு நான் போடும் அளவு: எலுமிச்சைப் புல் நான்கு தண்டு, சுண்டுவிரல் அளவு பச்சை மஞ்சள், கட்டைவிரல் அளவு பச்சை அரத்தை, பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் ஆறு, எட்டு காஷ்மீரி மிளகாய். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த சித்தரத்தை கஷாய வாடை அடிக்கும், அதற்கு இஞ்சியே மேல். இடித்த விழுதுக்கு குரூங் என்று பெயர். கெட்டித் தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியும்வரை அதை வதக்கி, கோழியைப் பிரட்டி, இரண்டாம் பால், மீன் சாஸ், ஒரு துண்டு பனைவெல்லம். பாதி வெந்ததும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. புரஹோக் என்ற நொதித்த மீனும் அங்கே கொஞ்சம் சேர்ப்பார்கள். இங்கே கிடைக்காததால் நான் விட்டுவிடுகிறேன். கருவாட்டைப் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அது வேறு சுவை.

கம்போடியாவின் இன்னொரு நகரமான சீயெம் ரியாப்பில் இருந்தவர்கள் வந்து 'நட்சத்திர சோம்பு எங்கே, கத்தரிக்காய் எங்கே' என்று கேட்கலாம். வீட்டுக்கு வீடு மாறும். நான் ஒரு வீட்டில் கற்றதைத்தான் சொல்கிறேன்.

கோழியைத் தோலோடும் எலும்போடும் வாங்குங்கள். இதைச் சொல்லும்போது எங்கள் தெருக் கறிக்கடை மேல் கோபம்தான் வருகிறது. உயிரோடு எடைபோட்டுக் காசு வாங்கிக்கொண்டு, கேட்காமலே தோலை உரித்துக் கூடையில் எறிகிறார்கள். காசு கொடுத்தது முழுக் கோழிக்கு அல்லவா? மூன்று முறை சண்டை போட்டுவிட்டேன். இப்போது பக்கத்திலேயே நின்று வெட்டி வாங்குகிறேன்.

அப்புறம், சோறு வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நீள ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத்தான் அங்கே சாப்பிடுவார்கள். அது கிடைக்காத ஊரென்றால் இடியாப்பம் நன்றாகச் சேரும். மிங் வீட்டிலும் ரொட்டி தீர்ந்தால் அரிசிச் சேமியாதான்.