மணிக்கயிறும் காற்றுக்குழாயும்: பாதுகாப்புச் சவப்பெட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

18, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பலருக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்பது. அந்தப் பயத்துக்கு மருந்தாக மணி, கொடி, ஏணி, குழாய் எல்லாம் வைத்துச் சவப்பெட்டிகள் செய்தார்கள். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

கேள்வி: முதன்முதலில் இப்படி ஒரு பெட்டி செய்யச் சொன்னது யார்?

பதிவில் உள்ளவரை, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் பிரபு ஃபெர்டினாண்ட். 1792-இல் இறந்தார். பெட்டியில் வெளிச்சம் வர ஒரு ஜன்னல், காற்றுக்கு ஒரு குழாய். மூடியை ஆணி அடிக்காமல் பூட்டுப் போட வைத்தார். சாவிகள் இரண்டையும் தன் பிரேத உடுப்பின் பையிலேயே போடச் சொல்லியிருந்தார். ஒன்று பெட்டிக்கு, இன்னொன்று கல்லறைக் கதவுக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் வைக்கப்பட்டது கல்லறை அறையில், மண்ணுக்குள் அல்ல. அதனால்தான் சாவி வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. மண்ணில் புதைத்த பெட்டிக்குச் சாவி கொடுத்துப் பயனில்லை. குழியின் பரப்பு 2 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர், மூடிக்கு மேலே 1.2 மீட்டர் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1.4 கன மீட்டர். கனமீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் இரண்டு டன்னுக்கு மேல். படுத்த நிலையில் முழங்கையை மடக்கக்கூட இடமில்லாதவர் அதைத் தள்ளித் திறக்க முடியாது. ஆகவே பின்னால் வந்தவர்கள் ‘உள்ளிருந்து திறப்பது’ என்பதை விட்டுவிட்டு, ‘வெளியே தெரிவிப்பது’ என்பதற்குப் போனார்கள்.

கேள்வி: மணி கட்டிய பெட்டி எப்படி வேலை செய்யும்? கயிறை விரலில் கட்டிவிடுவார்களா?

விரலில் மட்டும் இல்லை. 1829-இல் யோஹான் காட்ஃப்ரிட் டாபெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் கொடுத்த அமைப்புதான் அக்காலத்தில் நன்றாக யோசித்துச் செய்தது. கை, கால், தலை எல்லாவற்றிலும் கயிறு. அவை குழாய் வழியே மேலே ஏறி ஒரு மணியில் சேரும். காற்றடித்து மணி தானாக ஆடாதபடி அதற்கு ஒரு கூடு. பூச்சி இறங்காமல் குழாயில் வலை. மழைநீர் பெட்டிக்குள் போகாதபடி குழாயின் வடிவம். மணி அடித்தால் கல்லறைத் தோட்டத்தின் இராக்காவலர் ஓடிவந்து, இரண்டாவது குழாய் ஒன்றை உள்ளே இறக்கி, துருத்தியால் காற்று ஊத வேண்டும். அதற்குள் குழிவெட்டிகளை எழுப்பிக் கூட்டிவருவார்கள்.

அந்த இரண்டாவது குழாயும் துருத்தியும் வெறும் அலங்காரம் அல்ல. ஏன் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கேள்வி: ஒரு குழாய் வைத்தால் காற்று தானாக வந்துவிடாதா? பெட்டிக்குள் உள்ள காற்று எவ்வளவு நேரம் தாங்கும்?

முதலில் குழாயே இல்லாத பெட்டி. உள்ளளவு 180 × 55 × 35 செ.மீ. என்றால் சுமார் 346 லிட்டர். உடம்பு 65 லிட்டர் போக மீதி 280 லிட்டர் காற்று. சும்மா படுத்திருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்சிஜன் எடுத்து 200 மி.லி. கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். 70 நிமிடத்தில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்தைத் தொடும், மூச்சிரைப்பு, மண்டையிடி. இரண்டு மணி நேரம் 20 நிமிடத்தில் 10 சதவீதம், நினைவு போய்விடும். ஆக்சிஜனும் அதற்குள் பாதிக்குக் கீழே வந்திருக்கும். இது அசையாமல் கிடந்தால். பயந்து கத்தி, மூடியை உதைத்தால் இதில் பாதி நேரம்கூடக் கிடைக்காது.

இணையத்தில் ‘ஐந்தரை மணி நேரம்’ என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அது மிகப் பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டு, கடைசித் துளி ஆக்சிஜன் வரை செலவாகும் என்று போட்ட கணக்கு. கார்பன் டை ஆக்சைடை அது மறந்தே போனது.

இப்போது குழாய். 9 செ.மீ. விட்டம், 2 மீட்டர் நீளம். பெட்டிக்குள் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும்போது, வாயு தானாகப் பரவி அந்தக் குழாய் வழியே வெளியேறும் அளவு நிமிடத்துக்கு 1 மி.லி.கூட இல்லை. ஆள் விடுவதோ 200. உடல் சூட்டில் காற்று மேலெழுவதால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் ஒரே குழாயில் சூடான காற்று ஏறவும் குளிர்ந்த காற்று இறங்கவும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். காற்று ஓடவேண்டும் என்றால் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு வழி வேண்டும், அல்லது ஊத ஆள் வேண்டும். டாபெர்கருக்கு இது புரிந்திருந்தது. அவருக்குப் பின் காப்புரிமை வாங்கிய பலருக்குப் புரியவில்லை.

கேள்வி: யாராவது உள்ளே படுத்துச் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 1822-இல் அடால்ஃப் குட்ஸ்முத் தன் பெட்டியில் தானே புதையுண்டு, மண்ணுக்கடியில் பல மணி நேரம் இருந்தார். பெட்டியில் உணவு இறக்குவதற்கென வைத்த குழாய் வழியாக சூப், சாசேஜ், பீர் இறக்கிச் சாப்பாடே ஆயிற்று. நல்ல வேடிக்கைதான். ஆனால் இது எதை நிரூபித்தது? நினைவோடு, திடகாத்திரமாக, மேலே ஆள் காத்திருப்பது தெரிந்து படுத்தவர் பிழைப்பார் என்பதை. செத்தவர் என்று தவறாகப் புதைக்கப்படக்கூடியவர் மயக்கத்தில் கிடப்பவர். கயிறு இருப்பதே அவருக்குத் தெரியாது.

கேள்வி: ஏணி வைத்த பெட்டி பற்றிக் கேள்விப்பட்டேன். நிஜமா? (தச்சு வேலை செய்பவன், அதனால் கேட்கிறேன்)

நிஜம். ஃப்ரான்ஸ் வெஸ்டர், நியூ ஜெர்சியின் நெவார்க் நகரம், 1868 ஆகஸ்ட் 25, அமெரிக்கக் காப்புரிமை எண் 81,437. முகத்துக்கு நேர் மேலே சதுரக் குழாய் ஒன்று தரைமட்டத்துக்கு மேல்வரை எழும்பும். அதற்குள் ஏணியும் மணிக்கயிறும். தெம்பிருந்தால் ஏறி வரலாம், இல்லையென்றால் கயிறை இழுக்கலாம். ஆள் செத்தது உறுதியானதும் குழாயை உருவிவிட்டுப் பெட்டியை மூடிவிடலாம்; குழாய் அடுத்தவருக்கு.

தச்சர் என்பதால் உங்களுக்கே தெரிந்திருக்கும் இடைஞ்சல்: ஆள் ஏறும் அகலத்தில் சதுரப் பலகைக் குழாயை ஈரமண்ணுக்குள் நிறுத்தினால் நான்கு பக்கமும் மண் நெருக்கும். இணைப்புகள் நீர் விடும். பெட்டி மூடியில் அவ்வளவு பெரிய ஓட்டை போட்டால் மூடியின் பலமும் போய்விடும்.

கேள்வி: இவ்வளவு கருவிகளில் எது பிரபலம்? ஏன் நிலைக்கவில்லை?

ரஷ்யச் சக்கரவர்த்தியின் அரண்மனை அதிகாரியான கர்னிஸ்-கர்னிக்கி பிரபு 1897-இல் கொண்டுவந்த ‘லெ கர்னிஸ்’. இறந்தவரின் மார்பின் மேல் ஒரு கண்ணாடி உருண்டை. அது ஒரு ஸ்பிரிங்கோடு சேர்ந்து, மூன்றரை அங்குலக் குழாய் வழியே தரைக்கு மேலுள்ள பெட்டியோடு இணைந்திருக்கும். மார்பு சற்று அசைந்தால் ஸ்பிரிங் விடுபட்டு மேல்பெட்டியின் மூடி திறந்து காற்றும் வெளிச்சமும் இறங்கும், கொடி உயரும், மணி அரைமணி நேரம் ஒலிக்கும், இருட்டினால் விளக்கு. ஆள் கத்தினால் குழாய் ஒலியை மேலே கொண்டுவரும்.

கேட்க அருமை. இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றையும் கவிழ்த்தது ஒன்றுதான்: பிணம் அசையும். இறந்து ஓரிரு நாளில் குடலில் உள்ள பாக்டீரியா வாயு உண்டாக்க, வயிறு ஊதும், மார்பு உயரும், விறைப்பு விட்ட கை சரியும். மார்பு சற்று உயர்ந்தாலே விடுபடும் ஸ்பிரிங், அழுகும் பிணத்துக்கும் விடுபடும். ஸ்பிரிங்கை இறுக்கினால், மயக்கத்தில் மெல்ல மூச்சுவிடும் ஆளுக்கு அது விடுபடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இறுக்கம் என்று ஒன்று இல்லை. போதாக்குறைக்கு, செயல்விளக்கம் ஒன்றில் ஸ்பிரிங் அசையவே இல்லை. உள்ளே படுத்திருந்த உதவியாளருக்கு ஒன்றும் ஆகவில்லை, கருவியின் பெயர்தான் செத்தது.

இதை ஓரளவு யோசித்தவர் ஒஹையோ மாநிலத்தின் க்ரிக்பாம் (1882, காப்புரிமை எண் 268,693). கையருகே ஆங்கில ‘T’ எழுத்து வடிவக் குழாய். கை அதைத் திருப்பினால் மேலே உள்ள அளவுகோலில் எவ்வளவு திரும்பியது என்று காட்டும். அலறும் மணி இல்லை. வந்து பார்ப்பவர் படித்து முடிவு செய்யலாம். என் கணக்கில் அந்தக் காலக் கருவிகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். ஆனால் தினம் யார் வந்து பார்ப்பது?

கேள்வி: அப்படியானால் புதைக்காமலே சில நாள் வைத்திருந்து பார்த்திருக்கலாமே?

அதையும் செய்தார்கள். மருத்துவர் ஹூஃபெலாண்டின் முயற்சியில் ஜெர்மனியின் வைமார் நகரில் 1790-களின் தொடக்கத்திலேயே ‘பிணக் காத்திருப்பு இல்லம்’ வந்துவிட்டது. பிறகு மியூனிக் உட்படப் பல ஊர்களில். சூடாக்கிய கூடம், வரிசையாகப் படுத்த உடல்கள், விரலில் கயிறு, காவலர் அறையில் மணி, நாற்றத்தை மறைக்கப் பூக்கள். அழுகல் தொடங்கினால் அடக்கம். அழுகல் ஒன்றே சாவின் சந்தேகமற்ற அடையாளம் என்ற கருத்தை 1740-களில் பாரிஸ் மருத்துவர்கள் வின்ஸ்லோவும் ப்ரூயேவும் பரப்பியிருந்தார்கள். இந்த இல்லங்கள் அதன் கட்டட வடிவம். மணி அங்கும் அடித்தது, வாயு ஊதலால். எழுந்து வீட்டுக்குப் போனவர் யாரும் இல்லை.

கேள்வி: தோண்டியெடுத்த பெட்டிகளில் உடல் புரண்டு கிடந்தது, நகம் வளர்ந்திருந்தது, வாயில் ரத்தம் என்றெல்லாம் சொல்கிறார்களே?

மூன்றுக்கும் விளக்கம் உண்டு. ஊதல் உடலை நகர்த்தும். பெட்டி மட்கி அடி இறங்கினாலும் உடல் சாயும். நகம் வளர்வதில்லை, விரல்நுனித் தோல் வற்றிப் பின்வாங்குவதால் நீளமாகத் தெரிகிறது. வாயில் தெரிவது, வாயு அழுத்தத்தில் நுரையீரலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் தள்ளப்பட்டு வரும் செந்நிற நீர். உயிரோடு புதைப்பதைத் தடுக்கவென்றே 1896-இல் லண்டனில் சங்கம் தொடங்கிய வில்லியம் டெப் தரப்பு, உயிரோடு புதைக்கப்பட்டதாக 149 நிகழ்வுகளைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவை செய்தித்தாள் துணுக்குகள். அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. காலராவில் நீர் வற்றிய நோயாளிக்கு உடல் சில்லிட்டு, மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போகும். தொற்றுக்குப் பயந்து அன்றே புதைத்த காலம் அது.

கேள்வி: ‘சேவ்ட் பை தி பெல்’ என்ற சொல் இதிலிருந்துதானே வந்தது?

இல்லை. கடைசி நேரத்தில் தப்புவதைச் சொல்லும் அந்தச் சொல் குத்துச்சண்டை மணியிலிருந்து வந்தது. இதே கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘டெட் ரிங்கர்’ (அச்சு அசலாக ஒத்தவர்) என்பதும் அப்படித்தான்: அது குதிரைப் பந்தயத்தில் ஆள்மாறாட்டக் குதிரை.

கேள்வி: பெரிய மனிதர்கள் யாரெல்லாம் பயந்தார்கள்?

ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் சாகும் தறுவாயில், மூன்று நாளுக்குள் தன்னைக் கல்லறையில் வைக்கக்கூடாது என்று செயலாளரிடம் சொன்னார். ஆல்ஃபிரட் நோபல் 1895 உயிலில், இறந்தபின் தன் ரத்தநாளங்களைத் திறக்கவும், மருத்துவர்கள் சாவை உறுதி செய்தபின் எரிக்கவும் எழுதினார். நோபல் கேட்டதுதான் கச்சிதம். சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

கேள்வி: பயம் எப்படித்தான் அடங்கியது?

ஸ்டெதாஸ்கோப்பால். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் அதைக் கண்டுபிடித்தது 1816-இல். சாவை உறுதிசெய்ய நல்ல வழி சொல்பவருக்கு 1,500 ஃபிராங்க் பரிசு என்று ரோம் பேராசிரியர் மன்னி அறிவித்திருந்தார். கொடி கட்டிய ஊசியை நெஞ்சில் குத்தி, கொடி ஆடுகிறதா என்று பார்ப்பதுகூட அந்நூற்றாண்டில் சொல்லப்பட்ட வழிதான். 1848-இல் பரிசு பிரெஞ்சு மருத்துவர் யூஜீன் பூஷூவுக்குப் போனது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதுதான் அவர் சொன்ன வழி: இரண்டு நிமிடம் இதயத்தில் ஓசை கேட்காவிட்டால் இறந்தார் என்று கொள்ளலாம். எதிர்ப்பு வந்து, பிறகு ஐந்து நிமிடம் ஆனது. இன்றும் பிரிட்டனில் குறைந்தது ஐந்து நிமிடம் கவனிப்பதே விதி.

கேள்வி: இதெல்லாம் ஐரோப்பா கதை. நம்ம ஊரில் ஃப்ரீசர் பெட்டியில் உயிரோடு வைத்தார்களே?

2020 அக்டோபரில் சேலத்தில் நடந்தது. முதியவர் ஒருவர் இறந்துவிட்டதாக எண்ணி ஓர் இரவு முழுக்க ஃப்ரீசர் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மறுநாள் பெட்டியைத் திரும்ப எடுக்க வந்தவர்கள் அசைவைக் கண்டார்கள். மருத்துவமனையில் சில நாள் கழித்து இறந்தார். பெட்டி வருவதற்கு முன் மருத்துவர் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

வீட்டில் சாவு என்றால் வரிசை இதுதான். மூக்கில் கைவைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள், கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பதையும்தான். நினைவில்லாமல், மூச்சு தெரியாமல், எப்போது நின்றது என்றும் தெரியாமல் இருந்தால் முதலில் 108. மருத்துவர் வந்தால் கழுத்து நாடி, ஸ்டெதாஸ்கோப்பில் இதயமும் மூச்சும், கண்பாவையில் வெளிச்சம், இவை எல்லாம் பார்க்க வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துச் சான்று எழுதுவது சோதனை அல்ல. வீட்டில் நேர்ந்த சாவுக்குக் காரணச் சான்று படிவம் 4ஏ. அது கைக்கு வந்த பிறகு பெட்டிக்குச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை அளவுக்கு மீறிப் போனவர், நீரில் மூழ்கியவர், உடல் சில்லிட்டவர் ஆகிய மூவரிடமும் கூடுதல் கவனம். 1999-இல் நார்வேயில் பனிநீரில் சிக்கி உடல்சூடு 13.7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிய பெண்ணையே பிழைக்கவைத்தார்கள்.

கேள்வி: சிதையில் பிணம் எழுந்து உட்காருமாமே, அது உயிர் இல்லையா?

இல்லை. சூட்டில் தசை சுருங்கிக் கை கால் மடங்கும், முதுகு வளையும். வெட்டியான் கோலால் தட்டி அமர்த்துவது அதைத்தான்.

கேள்வி: இப்படிப்பட்ட கல்லறை எதையாவது இன்றும் நேரில் பார்க்க முடியுமா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், நியூ ஹேவன் ஊர், எவர்கிரீன் கல்லறைத் தோட்டம். 1893-இல் இறந்த மருத்துவர் திமொதி கிளார்க் ஸ்மித்தின் மண்மேட்டு உச்சியில் 14 அங்குலச் சதுரக் கண்ணாடி பதித்திருக்கிறது. அதற்குக் கீழே ஆறடி சிமென்ட் குழாய், நேராக முகம் இருந்த இடத்துக்கு. எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க நீர் பூத்திருக்கிறது.