புல்வெளியும் காடுதான்: கேள்வி பதில்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: நீலகிரி உச்சியில் ஏக்கர் கணக்கில் வெறும் புல்தான் கிடக்கிறது. மரம் நட்டால் என்ன?

பதில்: நட்டுத்தான் பார்த்தார்களே! தரிசு என்று முடிவு கட்டி, ஆஸ்திரேலியச் சீகை என்னும் வாட்டில் மரத்தையும் தைல மரத்தையும் மலை மலையாக நட்டார்கள். பட்டை தோல் பதனிட, கட்டை விறகுக்கு. அந்தப் புல்வெளி யாரோ மரத்தை வெட்டியதால் உண்டானது அல்ல. சதுப்பில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்ததில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிகிறது.

மலை மடிப்பில், ஓடையோரமாக, பாசி போர்த்திய குட்டை மரங்களாகச் சோலை நிற்கும். விளிம்பைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் புல். இடையில் புதர்கூட அதிகம் இராது. இதற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம். சோலை நிழலில் பிழைக்கும் நாற்று, திறந்தவெளியில் பனி உறையும் இரவுகளில் கருகிவிடும். வரையாடு மேய்வதும் நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டுவதும் அந்தப் புல்லில்தான். தயவுசெய்து விதைப்பந்தோடு மலையேறாதீர்கள்.

கேள்வி: சீகையை ஒரேயடியாக வெட்டிவிட்டால்?

பதில்: மண்ணுக்குள் அதன் விதை பல பத்தாண்டுகள் காத்திருக்கும். வெயில் பட்டதும் கொத்துக் கொத்தாக முளைக்கும். வருடா வருடம் நாற்றைப் பிடுங்க ஆள் வைக்காத திட்டத்தில் போடும் பணம் வீண்.

கேள்வி: கேரளத்தின் சைலன்ட் வேலி மழைக்காட்டை அணைத் திட்டத்திலிருந்து காப்பாற்றி என்ன லாபம்? மின்சாரம் போனதுதான் மிச்சம்.

பதில்: அணை கட்டியிருந்தால் மின்சாரம் வந்திருக்கும், மறுக்கவில்லை. அதற்கு வேறு வழிகள் உண்டு. நீரில் மூழ்கிய மழைக்காட்டை மீட்க வழியில்லை. 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சிங்கவால் குரங்கு இன்றும் அங்கே இருக்கிறது.

கேள்வி: புல்வெளியில் விதைப்பந்து வீசலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உள்ளே வாழும் பழங்குடியினரை வெளியேற்றினால்தானே காடு தப்பும்?

பதில்: 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, சோளகர்களுக்கு 2011-இல் சமூக வன உரிமை கிடைத்தது.

மறுகேள்வி: சட்டம் கிடக்கட்டும். காட்டுக்குத் தீ வைத்தவர்கள் அவர்கள்தானே?

பதில்: வைத்தார்கள்தான். கோடை முற்றும் முன்பே, சருகு குறைவாக இருக்கும்போது, தரையோடு ஓடி அணையும் சின்னத் தீ. அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி (லண்டானா என்னும் அயல் புதர்) ஆளுயரத்துக்கு மண்டியது என்கிறார்கள் சோளகர்கள். தீ நின்றது மட்டுமே காரணமா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே உண்டு. எனக்குச் சோளகர் பேச்சில் நியாயம் தெரிகிறது. இப்போது தீப்பிடித்தால் காய்ந்த உண்ணிப்புதரைப் பிடித்துக்கொண்டு மரக்கிளை வரை ஏறிவிடுகிறது.

மறுகேள்வி: அப்படியானால் சீகைக்கும் தீ வைத்துவிடலாமே?

பதில்: ஐயோ, வேண்டாம்! அதன் விதை ஓடு கெட்டி. சூடுபட்டால் இன்னும் நன்றாக முளைக்கும். நான் சொன்ன சின்னத் தீ, சோளகர்கள் வாழும் இலையுதிர் காட்டுக்கு. அதைச் சோலைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காட்டுக்குக் காடு கணக்கு வேறு.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் எந்த மரம் வைக்கலாம்?

பதில்: தோட்டக்கலைக்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்?

பதில்: 2018-இல் பெரிதாகப் பூத்தது, 12 ஆண்டு கூட்டிக்கொள்ளுங்கள். சில சரிவுகளில் முன்பின்னாகவும் பூக்கும். போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், பறிக்காதீர்கள். காய்ந்து விதை கொட்டினால்தான் அடுத்த முறை செடியே வரும்.