மகளை நர்ஸ் ஆக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து நான்கு வாரம் ஆகிறது. எட்டு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்கிறார் டாக்டர். மனைவி வேலைக்குப் போக, நான் சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கிறது. படுத்தபடியே ஃபோனில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். மாத்திரை நேரம் மறந்துவிடும்; எட்டாவது படிக்கும் மகள்தான் எடுத்துத் தருவாள். பாசக்காரி, ராத்திரியில்கூட எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள். அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பலாமா?

பதில்: கூடாது.

ராத்திரி எழுந்து வந்து உங்கள் மகள் எதைப் பார்க்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? அப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தூக்கம் கெட்டுக் காவல் இருக்கிறது, நீங்கள் பெருமைப்படுகிறீர்கள். பரீட்சை மும்முரத்தில் ஒருநாள் அவள் மாத்திரையை மறந்து, உங்களுக்கு ஏதாவது ஆனால்? அந்தக் குற்ற உணர்வை ஆயுசுக்கும் சுமக்கப்போவது அவள்தான். ஆபீஸ் ஃபோனைத் தவறவிடாத உங்களுக்கு மாத்திரை மட்டும் மறந்துபோகிறதா?

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் உலோக வலை. அதன்மேல் குழாயின் உள்தோல் படர்ந்து மூடுவதற்குள் மாத்திரையை விட்டால், அங்கே ரத்தம் கட்டி மறுபடி அடைத்துக்கொள்ளும். ஆரம்ப மாதங்களில்தான் ஆபத்து அதிகம். அதனால்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கி, வாரம் ஒருமுறை நீங்களே நிரப்புங்கள். ஃபோனில் அலாரம் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள்.

எட்டு வாரம் என்பது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. அடிபட்ட இதயத் தசை ஆறி, உறுதியான தழும்பாக ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடிக்கும். அதற்காகப் படுத்தே கிடப்பதும் தப்பு. டாக்டர் சம்மதித்தால் காலையும் மாலையும் சமதரையில் பத்து நிமிடம் நடங்கள்; சில நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம். சாப்பிட்ட கையோடு நடக்க வேண்டாம். நெஞ்சு இறுகினால் உடனே உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால் உட்கார்ந்தபடிதான் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லையா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இதெல்லாம் உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த செக்கப்புக்கு மகளையும் அழைத்துப் போங்கள். பயத்தை வெளியே சொல்லத் தெரியாத பிள்ளை, டாக்டரிடம் நேரடியாகக் கேட்கட்டும்.

மனைவி சம்பாத்தியத்தில் சில மாதம் வீடு நடப்பதில் என்ன வெட்கம்? முடியாதபோது தாங்கிக்கொள்ளத்தானே குடும்பம்? மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், சிகிச்சையும் உண்டு.

லீவு எந்தத் தேதிவரை, எந்த வேலை யார் பொறுப்பில் என்று இன்றைக்கே ஆபீஸுக்கு எழுதிப் போடுங்கள். திரும்பிப் போகும்போது முதல் இரண்டு வாரம் அரைநாள்தான் என்று டாக்டரிடம் சான்றிதழ் கேளுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் மூன்றாம் நாளே முழுநாள் ஆகிவிடும்.