அண்டை வீட்டு அழிவும் தீர்க்கதரிசனமும்

கேள்வி: எங்காவது நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால், 'அவ்வூரார் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை, தீர்க்கதரிசிகள் அன்றே எச்சரித்தார்கள்' என்று சிலர் பிரசங்கிக்கிறார்களே, பழைய ஏற்பாடு அப்படித்தான் சொல்கிறதா?

பதில்: அந்நூல்களை முழுதாகப் படித்தவர் அப்படிப் பிரசங்கிக்கத் துணிய மாட்டார். பஞ்சமும் வெட்டுக்கிளியும் இறைவன் அனுப்பியவையே என்று ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி சொன்னது உண்மைதான். அதை யாருடைய முகத்துக்கு நேரே சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் அரசனின் ஆட்சியில் வடநாடான இஸ்ரவேல் செழித்திருந்த காலத்தில், தென்னாடான யூதாவின் தெக்கோவாவில் மந்தை மேய்த்துக் காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் வடக்கே வந்து பேசினார். அவர் பெயரால் அமைந்த நூல் தமஸ்கு, காசா, தீரு என்று அண்டை நாட்டாரின் குற்றங்களில்தான் தொடங்குகிறது. கேட்டவர்கள் மகிழ்ந்து தலையாட்டியிருப்பார்கள். பிறகு, எளியவனை ஒரு ஜோடு செருப்புக்காக விற்பவர்கள், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கும் வியாபாரிகள் என்று, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே கூண்டில் ஏற்றுகிறது. அரசனுடைய ஆலயமான பெத்தேலில் இப்படிப் பேசாதே, யூதாவுக்கு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள் என்று ஆசாரியன் அமத்சியா அவரை விரட்டினான். இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது அதற்கெல்லாம் பின்னர், கி.மு. 722 அளவில்.

சொன்னது பலித்தே தீர வேண்டும் என்று தீர்க்கதரிசிகள் காத்திருக்கவும் இல்லை. சீயோன், அதாவது எருசலேம், வயலைப் போல உழப்படும் என்றார் மீகா தீர்க்கதரிசி; யூதாவின் அரசன் எசேக்கியா அஞ்சிப் பணிந்ததால் அத்தீங்கு அப்போது விலகியது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, எருசலேம் ஆலயம் முன்பே பாழாகிவிட்ட சீலோ என்ற வழிபாட்டுத் தலத்தைப் போலாகும் என்று சொன்ன எரேமியா தீர்க்கதரிசியைக் கொல்ல வேண்டுமென்று ஆசாரியர்கள் கூச்சலிட்டபோது, மூப்பர் சிலர் எழுந்து மீகாவின் இந்த முன்னுதாரணத்தையே எடுத்துக் காட்டினார்கள். எரேமியா தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா என்னும் தீர்க்கதரிசியையோ, எகிப்துக்கு ஓடியும் விடாமல் பிடித்துவரச் செய்து யோயாக்கீம் அரசன் வாளால் வெட்டினான். தான் எச்சரித்த நினிவே நகரம் அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டவர் யோனா. அதற்காகக் கடவுளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவரே.

அடுத்தவன் வீழ்ச்சியை வேடிக்கை பார்ப்பவர்களுக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. எருசலேம் அந்நியர் கையில் சிக்கிய நாளில் களித்து நின்ற அண்டை நாட்டாரான ஏதோமியரை, 21 வசனங்களே கொண்ட ஒபதியா கடுமையாகச் சாடுகிறது. இடிபாடுகளிலிருந்து உடல்களை எடுத்து முடிப்பதற்குள் மேடையேறி விடும் நம் பிரசங்கியார்கள், அடுத்த முறை அந்த ஒரே அதிகாரத்தைச் சபையில் வாசித்துவிட்டுப் பேசட்டும்.