அன்றாட வாழ்வில் மற்றவர்களிடமும் சக கிறிஸ்தவர்களிடமும் தயவாக நடந்துகொள்வது எப்படி?

எல்லாரிடமும் தயவாக இருப்பதைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையவே கேட்கிறோம். சக விசுவாசிகளிடம் தயவாக இருப்பதுதான், என் பார்வையில், கடினமானது. முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவிவிட்டு நம் வழியே போய்விடலாம். சபையில் இருப்பவரையோ வாரந்தோறும் பார்த்தாக வேண்டும், அவருடைய குறைகள் நமக்குத் தெரியும், நம்முடையவை அவருக்குத் தெரியும். யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தாருக்கும் நன்மை செய்ய வேண்டும் என்று கலாத்தியர் 6:10 சொல்வதை, நம்மவர்களுக்கு முதலிடம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியானால், உங்கள் சகோதரரை மாத்திரம் வாழ்த்துவதில் என்ன விசேஷம் என்று மத்தேயு 5:47-இல் இயேசு கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. அருகிலேயே இருப்பதால் நம் கண்ணில் படாமல் போகிறவர்களை விட்டுவிடாதிருங்கள் என்பதாகவே நான் கலாத்தியர் வசனத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அப்படி விட்டுப்போவது ஆதி சபையிலேயே நடந்திருக்கிறது. எருசலேமில் அன்றாட விசாரணையில், அதாவது தினந்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் போனார்கள் என்று அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து பொறுப்பை ஒப்படைத்தார்கள். நல்ல மனம் இருந்தும் யார் விடுபட்டார்கள் என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால் தயவு பாதியிலேயே நின்றுவிடும். ஆராதனை முடிந்ததும் வழக்கமாகப் பேசும் நாலு பேரோடு நின்றுவிடாமல், யாரோடும் பேசாமல் வெளியேறுகிறவரை, சில வாரங்களாக வராதவரை, மொழியோ பின்புலமோ வேறாக இருப்பதால் ஒதுங்கி நிற்பவரைக் கவனிப்பதில் தொடங்கலாம்.

கவனித்த பிறகு எப்படிக் கொடுப்பது என்பதற்கு, ரூத்தின் புத்தகம் 2-ஆம் அதிகாரத்தில் வரும் வயல்காரரான போவாசை விடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. ரூத் மோவாப் தேசத்தாள், விதவை, அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்க வந்தவள். நிலத்தின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 19:9-10) சொன்னதால், அவளைப் பொறுக்க விட்டதோடு போவாசின் கடமை முடிந்திருக்கும். அவரோ தம் ஆட்கள் அவளைத் தொந்தரவு செய்யாதபடி கட்டளையிட்டு, தாகமெடுத்தால் வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரையே குடிக்கச் சொல்லி, சாப்பாட்டு வேளையில் அறுப்பவர்களின் அருகே உட்காரவைத்தார். அதன்பின் அவர் செய்ததுதான் நுட்பமானது: அறுத்த அரிகளிலிருந்து (கதிர்க்கட்டுகளிலிருந்து) சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிட்டு, அவள் பொறுக்கும்போது அதட்டாதிருங்கள் என்று வேலைக்காரரிடம் சொல்லிவைத்தார். ஒரு மூட்டையை நேரே கொடுத்திருந்தால் அவள் பிச்சை வாங்கியவளாகியிருப்பாள். இப்படிச் செய்ததால், மாலையில் தட்டிப் பார்த்தபோது கிடைத்த ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை அவளுடைய உழைப்பின் பலனாகவே வீடு போய்ச் சேர்ந்தது. உதவியைப் படம் பிடித்துப் பகிரும் நம் காலத்துப் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது. சபையில் ஒரு குடும்பம் நெருக்கடியில் இருப்பது தெரிந்தால், அதை ஜெபக் குறிப்பாக எல்லார் முன்னும் அறிவிப்பதற்கு முன்பு அவர்களுடைய சம்மதத்தைக் கேட்பதுகூடப் போவாசின் வழிதான்.

ஜெபத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்பது மெய்யான வாக்காகவும் இருக்கலாம், உரையாடலை முடித்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம், வேண்டியதைக் கொடாமல், சமாதானத்தோடே போ என்று சொல்வதால் என்ன பயன் என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கேட்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் உடனே வசனங்களை அடுக்குவதும் தயவாகாது. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவதைக் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவதற்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 25:20. யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது.

கேட்டதையெல்லாம் கொடுப்பதா தயவு என்றால், இல்லை. வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் தெசலோனிக்கேயருக்குக் கண்டிப்பாகவே எழுதினார். ஆனால் அவர் சொன்னது மனதில்லாதவனைப் பற்றி. வேலை கிடைக்காதவர் மீதும் உடல் முடியாதவர் மீதும் அதை வீசுகிறவர்கள் வசனத்தை மறுபடி வாசிப்பது நல்லது.

மனஸ்தாபம் உள்ளவரிடம் என்ன செய்வது என்பதே பலருக்கு உண்மையான சிக்கல். எபேசியர் 4:32 தயவையும் மன்னிப்பையும் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் மனம் ஆறும்வரை தயவு காத்திருக்க வேண்டியதில்லை. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடே விழுந்து கிடக்கக் கண்டால், அவனோடுகூட அதற்கு உதவிசெய் என்கிறது யாத்திராகமம் 23:5. முதலில் சமாதானமாகுங்கள் என்று அந்தக் கட்டளை சொல்லவில்லை. சுமையைத் தூக்கச் சொல்கிறது, அதுவும் அவனோடு சேர்ந்து. ஆகவே உங்களோடு பேசாத சகோதரர் மருத்துவமனையில் இருந்தால், பழைய விஷயத்தை எடுக்காமல், அவர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள்.